கோலி நின்ற மேஜை

ரெசின் பசையில், அதைக் கெட்டியாக்கும் ஹார்டனரை ஊற்றிக் கலக்கும்போது ஒரு வாடை எழும்பும். பாதி பெயின்ட், பாதி மீன் கவிச்சி. அந்த வாடை மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு மார்கழி விடியற்காலைதான் ஞாபகத்துக்கு வருகிறது. ஊரில் மற்றவர்களுக்கு மார்கழி என்றால் கோயில் வெண்பொங்கலும் வாசல் பூசணிப்பூவும். எனக்கு மட்டும் கவிச்சி! என் பெரியப்பா ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் பெருமாளைத் தோளில் சுமக்கிற ஸ்ரீபாதம்தாங்கி. ஒரு நாள் காலையில் நெற்றியில் நாமம் காய்வதற்குள் எங்கள் வீட்டுக்கு வந்தவர், வாசற்படியிலேயே நின்று மூக்கை உறிஞ்சி, "இன்னா கோமளா, மார்கழி மாசத்துல வூட்ல கவிச்சி அடிக்குது?" என்று கேட்டார். அம்மா அடுப்படியிலிருந்து தலையைக்கூட நீட்டாமல், "உங்க தம்பி ஏரோப்ளேன் சமைக்கிறாரு மாமா, ஹால்ல போய்ப் பாருங்க" என்றாள்.

அம்மா சொன்னது பொய்யில்லை. என் அப்பா வரதன், ஒரகடம் பக்கம் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் "குவாலிட்டி" பிரிவில் இருந்தார். ஒரு மயிரிழை கூடக்குறைய இருந்தால் ஓரமாக எடுத்து வைப்பதுதான் அவருக்கு அன்றாட வேலை. மீனம்பாக்கத்துக்குத் தாழ்ந்து போகும் விமானச் சத்தம் கேட்டால் போதும், சோற்றில் வைத்த கை அப்படியே நிற்க, வாசலுக்கு ஓடிவிடுவார். அப்படிப்பட்டவர் வெளிநாட்டிலிருந்து ஒரு வரைபடப் புத்தகத்தைத் தருவித்தார். நுரைப்பலகை, கண்ணாடி இழைத் துணி, ரெசின், இந்த மூன்றையும் வைத்து வீட்டிலேயே இரண்டு பேர் உட்காரும் விமானம் செய்வது எப்படி என்று சொல்லும் புத்தகம் அது. ஆசை ஆசையாகப் பிரித்துப் பார்த்தால், முதலில் விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. மேஜை செய்யச் சொல்லியிருந்தது. நீளமாக, ஆடாமல், கொஞ்சம்கூடக் கோணல் இல்லாமல் ஒரு மேஜை. மேஜை கோணினால் அதன்மேல் செய்யும் இறக்கை கோணும் என்று அப்பா எங்களுக்கு விளக்கினார். இறக்கை கோணினால் என்ன ஆகும் என்பதை அம்மா இருந்ததால் சொல்லவில்லை.

அப்பாவின் ஆரம்ப சூரத்தனம் எங்கள் குடும்பத்தில் பேர் போனது. மாடியில் சூரிய அடுப்பு ஒன்று பாதியில் நின்றது, தேனீப் பெட்டி ஒன்று தேனீ வராமல் நின்றது, செம்பரம்பாக்கம் ஏரிக்கென்று தொடங்கிய படகு ஒன்று துளசி மாடத்துக்குப் பக்கத்தில் மழைத்தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தது. அம்மா கரண்ட் ஆபீசில் வேலை பார்த்தவள். பேச்சை அளந்து பேசுவாள். விமானத்துக்கு ஹாலைக் கொடுக்க அவள் ஒப்புக்கொண்டதே அதிசயம். ஆனால் கறாராக ஒரு கெடு வைத்தாள். "போகி வரைக்கும் ஹால் உங்களுது. அதுக்குள்ள ஒரே ஒரு துண்டு, கோணல் இல்லாம செஞ்சு காட்டுங்க. இல்லன்னா போகி அன்னைக்கு மேஜையை நானே வாசல்ல போட்டுக் கொளுத்திடுவேன். அப்புறம் இந்த வூட்ல ஏரோப்ளேன் பேச்சே இருக்கக் கூடாது." அப்பா சரி என்றார். நான் அதற்குள் பள்ளிக்கூடத்தில் எங்கள் வீட்டில் விமானம் வந்துவிட்டது என்றே சொல்லி வைத்திருந்தேன்.

இங்கே எங்கள் வீட்டுத் தரையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பென்னலூரில் எங்கள் வீட்டைக் கட்டிய மேஸ்திரி, தண்ணீர் ஈசானிய மூலைக்குத்தான் ஓட வேண்டும் என்று, தரை முழுவதையும் வடகிழக்கே வாட்டம் கொடுத்துப் பூசியிருந்தார். அந்த மூலைச் சுவரில் தண்ணீர் வெளியேற ஓர் ஓட்டை. நடந்தால் வாட்டம் தெரியாது. ஆனால் எது கீழே விழுந்தாலும் அந்த மூலைக்குத்தான் உருளும். உரித்த பட்டாணி, அம்மாவின் கம்மல் திருகு, பெரியப்பாவின் இடுப்புச் சில்லறை, என் கோலிகள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். எதையாவது காணோம் என்றால், "மூலைல பாரு" என்பார்கள். உலகத்தில் எல்லா வீட்டுத் தரையும் அப்படித்தான் இருக்கும் என்று நான் வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வாட்டத் தரையில்தான் அப்பா கோணாத மேஜையை நிறுத்தப் புறப்பட்டார். சுங்குவார்சத்திரம் சாலையில், தொழிற்சாலைகளுக்கு இயந்திரங்கள் வந்து இறங்கிய பெட்டிகளை உடைத்து, மரத்தை எடைக்குப் போடும் கடைகள் வரிசையாக இருந்தன. அங்கிருந்து வெளிர்மஞ்சளாய், வாசனையாய்ப் பெட்டி மரம் வந்தது. மேல்பலகைக்கு அப்பா வாங்கி வந்தது இரண்டு கதவுகள், கைப்பிடி போடாத, பூட்டு போடாத புத்தம்புதுக் கதவுகள். பெரியப்பா அவற்றைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "வாசக்காலே இல்லாம கதவு வாங்கின ஒரே ஆளு நீதாண்டா வரதா! கூரை ஏறிக் கோழி பிடிக்கத் தெரியாதவன் வானம் ஏறி வைகுண்டம் போனானாம்" என்றார். பெருமாள் சேவையில் இருப்பவர் வாயிலிருந்து வைகுண்டம் என்று வந்ததால் அப்பா அதை ஆசீர்வாதமாக எடுத்துக்கொண்டு கதவைத் தூக்கினார்.

அப்பாவுக்குத் துணை, எங்கள் மாடி ரூமில் வாடகைக்கு இருந்த சுடலைமுத்து அண்ணன். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், பஸ்ஸுக்கு ஃபைபர் முகப்பு செய்யும் பட்டறையில் வேலை. உடம்பு முழுவதும் ஃபைபர் தூள் அரிப்போடு ஷிஃப்ட் முடிந்து வருபவர், குளித்ததும் மறுபடியும் ஃபைபரைத் தேடிக் கீழே இறங்கி வந்துவிடுவார். "பட்டறைல பஸ் மூஞ்சி, மூஞ்சின்னு செஞ்சே சலிச்சுட்டு அண்ணாச்சி. இது றெக்கைல்லா!" என்பார். இரண்டு கதவுகளையும் தனித்தனி மேஜையாக்கி, ஒவ்வொன்றுக்கும் நான்கு கால் வைத்து, நீளவாக்கில் சேர்த்து போல்ட் போட்டு ஒன்றாக்கினார்கள். ஹாலின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை மேஜைதான். ஒரு முனையில், கண்ணாடி இழைத் துணியைச் சுருட்டி மாட்ட ஒரு குழாய். அதற்குத் தூசி படாமல் அம்மாவின் பழைய சுங்குடிப் புடவை திரை. டி.வி. பார்க்க வேண்டுமானால் நாங்கள் மேஜைக்கு அடியில் தவழ்ந்து மறுபக்கம் போக வேண்டும்.

மட்டம் பார்த்த நாள்தான் எனக்கு அந்தப் பருவத்திலேயே பெரிய நாள். கண்ணாடி போன்ற நீண்ட டியூபில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை அப்பாவும் மறு முனையைச் சுடலை அண்ணனும் பிடித்துக்கொண்டு, மேஜையின் ஒவ்வொரு மூலையாக நகர்ந்தார்கள். "அங்கன ஒரு நூல் ஏத்தணும் அண்ணாச்சி." "இப்ப?" "இன்னும் அரை நூலு." பெட்டி மரத்தோடு வந்திருந்த, மரத்தூளை அழுத்திச் செய்த பலகையைச் சதுரமாக அறுத்து, காலுக்கடியில் "சக்கை" கொடுத்துக்கொண்டே வந்தார்கள். தென்மேற்குக் காலுக்கு ஒன்றுமே வேண்டியிருக்கவில்லை; ஈசானிய மூலைக் காலுக்கோ சக்கைமேல் சக்கை. கடைசியில் அப்பா டியூபைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து, "உன் கோலியை எடுத்துனு வா" என்றார்.

பச்சைப் பூப் போட்ட கோலி ஒன்றை மேஜை நடுவில் வைத்தேன். ஓடிவந்தால் பிடிக்க வசதியாக இன்னொரு கையைக் குவித்து ஈசானிய மூலைப் பக்கம் தயாராக வைத்துக்கொண்டேன். கோலி நின்றது. ஓரத்தில் வைத்தேன், நின்றது. கண்ணை மேஜை மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்த்தால், கோலிக்கு அப்பால் மேஜை பரந்து கிடந்தது, காற்றில்லாத நாளில் செம்பரம்பாக்கம் ஏரி கிடக்குமே, அப்படி. "அப்பா, போகவே மாட்டேங்குதுப்பா!" என்று கத்தினேன். கத்தலில் ஓடிவந்த அம்மா, ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு, தானும் ஒரு முறை கோலியை வைத்துப் பார்த்தாள். அந்த வெள்ளிக்கிழமை வீடு கழுவும்போது, மண்டியிட்டு மேஜைக்கு அடியிலும் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, எட்டுக் காலுக்கும் மஞ்சள் குங்குமம் வைத்தாள். அதற்கடுத்த வெள்ளியும் அப்படியே. அவளுக்கும் மேஜை பிடித்துப் போய்விட்டது என்று எனக்குப் புரிந்தது.

வெயில் ஏறினால் கலந்த ரெசின் கிண்ணத்திலேயே சுட்டுக் கெட்டியாகிவிடும் என்பதால், முதல் துண்டை மார்கழி விடியற்காலையில் போட்டார்கள். கோயில் ஒலிபெருக்கியில் பாசுரம் கேட்டுக்கொண்டிருந்தது. என் உயரத்துக்கு ஒரு நுரைப்பலகை. அதன்மேல் வெள்ளைவெளேரென்று கண்ணாடித் துணி. அப்பா ரெசினை ஊற்றிப் பிரஷ்ஷால் தடவத் தடவ, கண்ணெதிரிலேயே துணி மறைந்தது! நூல் தெரியவில்லை, நெசவு தெரியவில்லை, கீழே இருந்த நுரைப்பலகையின் நீலம்தான் தெரிந்தது. காபி டம்ளரோடு நின்ற அம்மா, "ஐயய்யோ, துணி எங்க போச்சு?" என்றாள். "உள்ளதான் இருக்கு மதினி. நனைஞ்சா அப்படித்தான் ஒளிஞ்சுக்கிடும்" என்று சுடலை அண்ணன் சிரித்தார். மறுபக்கமும் துணி ஒட்டி, மேஜையோடு படிந்திருக்க மேலே பலகை வைத்து, அதன்மேல் வீட்டு அரிசி மூட்டையையும் தூக்கி வைத்தார்கள்.

மறுநாள் எடுத்தபோது துண்டு முறுக்கிக்கொண்டிருந்தது. அப்பா அதன் இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஸ்கேலைக் குறுக்கே வைத்து, ஒற்றைக் கண்ணால் பார்த்தார்; மறுபடி பார்த்தார். எனக்கும் காட்டினார். ஒரு ஸ்கேல் நேராக நிற்க, மற்றது ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. கொஞ்சம்தான். ஆனால் நாள் முழுக்க மயிரிழை பார்க்கிறவருக்கு அது கொஞ்சமில்லை. அவர் வரைபடப் புத்தகத்தை மூடி, அதற்கு மேல் ஸ்கேல்களை வைத்து, "எனக்குக் கை வரல கோமளா. விட்டுடறேன்" என்றார். படகையும் தேனீயையும் அவர் இப்படிச் சொல்லி விட்டதில்லை, பேசாமல் மறந்துபோவார். இதை வாயால் சொன்னார். அப்பா அழுதுவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருந்தது, நான்தான் அழுதேன்.

அழுதுகொண்டே, வேறு என்ன செய்வதென்று தெரியாமல், கோலியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். கோலி உருண்டது. அதுவும் எங்கே? தென்மேற்கே! எங்கள் வீட்டில் ஒரு பொருள் ஈசானிய மூலைக்கு முதுகைக் காட்டி ஓடியதை நாங்கள் அதுவரை கண்டதேயில்லை. கோலி கீழே விழுந்து, தரைக்கு வந்ததும் புத்தி தெளிந்து, மறுபடி ஈசானிய மூலைக்கே போய்ச் சேர்ந்தது. சுடலை அண்ணன் அதன் பின்னாலேயே மேஜைக்கடியில் நுழைந்து, மூலைக் காலைத் தடவிப் பார்த்தார். "அண்ணாச்சி, சக்கை பூராவும் டீயில போட்ட ரஸ்க்கு மாதிரி ஊதிக் கெடக்கு." வீடு கழுவின தண்ணீரெல்லாம் வந்து தேங்கும் மூலை அது. சக்கை அதிகமாக இருந்ததும் அந்தக் காலுக்குத்தான். மரத்தூள் பலகை தண்ணீரைக் குடித்து உப்பி, மேஜையின் அந்த ஒரு மூலையை மட்டும் தூக்கி முறுக்கிவிட்டிருந்தது; அதன்மேல் காய்ந்த துண்டும் அப்படியே முறுக்கிக்கொண்டது.

அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "நான்தாங்க ஊத்தினேன். நல்லா இருக்கட்டும்னு, அடியில போய்ப் போய் ஊத்தினேன்." அவள் குரல் உடைந்து நான் கேட்டது அன்றுதான். அப்பா அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். "கம்பெனில ஒரே சாமானைத் தெனம் தெனம் அளக்கிறேன். வூட்ல ஒரு தடவை அளந்துட்டு வுட்டுட்டேன். உன்ன சொல்லி இன்னா?" என்றவர், தயங்கித் தயங்கி, "இனிமே வெள்ளிக்கிழமை ஈரத்துணி போட்டுத் தொடைச்சா போதாதா?" என்று கேட்டார். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அதெல்லாம் நடக்காது. வெள்ளிக்கிழமைன்னா வூடு கழுவித்தான் ஆகணும். உங்க மேஜைக்கு வேணா கால்ல செருப்பு போடுங்க. போகிக்கு இன்னும் நாள் கீதுல்ல? எழுந்திரிங்க."

ஆக, எங்கள் வீட்டில் ஃபைபரில் உருப்படியாகச் செய்த முதல் பொருள் விமானத்துக்கானது இல்லை; மேஜைக்குச் செருப்பு! ஊதிப்போன சக்கைகளைப் பெயர்த்து எறிந்துவிட்டு, கெட்டி மரத்தில் புதிதாக அறுத்து, காலோடு சேர்த்து ஒட்டி, அதன்மேல் கணுக்கால் உயரத்துக்குக் கண்ணாடித் துணி சுற்றி ரெசின் தடவினார்கள். துணியை மூலை மடித்துச் சுற்றியது அம்மா, என் நோட்டுப் புத்தகங்களுக்கு அட்டை போடுகிற அதே மடிப்பு. கையெல்லாம் அரித்தது அவளுக்கு. தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு கரண்ட் ஆபீஸ் போனாள். மறுபடி டியூப் வந்தது, மறுபடி மட்டம் பார்த்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை நாங்கள் எல்லோரும் சுவரோரம் நிற்க, மேஜைமேல் கோலியை வைத்துவிட்டு, அம்மா வேண்டுமென்றே கூடுதலாக இரண்டு குடம் ஊற்றினாள். தண்ணீர் மேஜையின் செருப்புக் கால்களைச் சுற்றிக்கொண்டு ஈசானிய மூலைக்கு ஓடியது. கோலி அசையவில்லை.

இரண்டாவது துண்டை மேஜையிலிருந்து எடுத்தது போகி அன்று காலையில். தெருவெல்லாம் புகை, பிள்ளைகள் போகி மேளத்தை அடித்துக்கொண்டிருந்தார்கள். அம்மா வைத்த கெடுவைக் கேள்விப்பட்டிருந்த பெரியப்பா, தீப்பெட்டியோடு வந்து, "எங்கடா கட்டை? பெட்டி மரம் நல்லா எரியும்" என்றார். அப்பா இரண்டு முனையிலும் ஸ்கேலை வைத்துப் பார்த்தார். பிறகு பெரியப்பாவைக் குனிந்து பார்க்கச் சொன்னார். உற்சவத்தில் தோளுக்குத் தோள் மட்டம் பார்த்தே வாழ்ந்தவர். ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. "நேராத்தான்டா கீது," என்றார் மெதுவாக. "ஆனா இத்த நம்பி மேல ஏறுவியா? அப்பளமாட்டம் கீது."

உண்மைதான், அந்தத் துண்டை நான் இரண்டு விரலால் தூக்கினேன். அப்பா இரண்டு முக்காலிகளைத் தள்ளித் தள்ளிப் போட்டு, துண்டைக் குறுக்கே பாலம் போல் வைத்து, யாரை ஏறச் சொல்வதென்று சுற்றிப் பார்த்தார். அம்மா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். எங்கள் அம்மா கனத்த உடம்புக்காரி. ஆட்டோவில் அவள் ஏறினால் ஆட்டோ அந்தப் பக்கம் சாயும். "கோமளா, வேணாம்" என்றார் அப்பா. "கொளுத்தறதுன்னா நான் கொளுத்தறேன்னு சொன்னேன் இல்ல? ஒடைக்கறதுன்னாலும் நானே ஒடைக்கிறேன்" என்று, என் தலையைப் பிடித்துக்கொண்டு ஏறி, நட்டநடுவில் நின்றாள். பிறகு என் தலையிலிருந்தும் கையை எடுத்துவிட்டாள்.

துண்டு முனகக்கூட இல்லை. மறைந்துபோன ஒரு துணியும் கொஞ்சம் நுரையும் என் அம்மாவை அந்தரத்தில் தாங்கிக்கொண்டிருந்தன. அவள் தன் பாதத்தைப் பார்த்தாள், அடியில் இருந்த வெற்றிடத்தைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். "இன்னாங்க இது!" என்றாள். அவ்வளவுதான் வந்தது அவளுக்கு. பெரியப்பா கோயிலில் பெருமாள் புறப்படும்போது செய்வது போல, தன்னை அறியாமல் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தீப்பெட்டி அன்று பால் காய்ச்சத்தான் பயன்பட்டது.

விமானம் பறந்ததா என்று கேட்பீர்கள். அந்த மேஜைமேல் பல வருஷங்கள் படுத்துப் படுத்து இரண்டு இறக்கைகளும் உடம்பும் உருவாயின. எஞ்சினும் அனுமதியும் கடைசிவரை கைகூடவில்லை. சாலை அகலப்படுத்த எங்கள் வீடு போனபோது, விமானத்தைப் பக்கத்து எஞ்சினியரிங் கல்லூரி ஒன்று மாணவர்களுக்காகக் கேட்டு வாங்கிக்கொண்டது. திறந்த வண்டியில் இறக்கையை ஏற்றிக்கொண்டு நெடுஞ்சாலையில் போகையில், எதிர்காற்றில் அது தானாக மேலே எழும்பியது. உடன் வந்திருந்த சுடலை அண்ணன் அதன்மேல் குப்புற விழுந்து, "பிடிங்க அண்ணாச்சி, போகப் பாக்குது!" என்று கத்தினார். அப்பா பிடித்தார். பிடித்துக்கொண்டே சிரித்தார். அதுபோல் அவர் சிரித்து நான் பார்த்ததில்லை.

இப்போது அந்த வீடும் தரையும் ஈசானிய மூலை ஓட்டையும் தார்ச்சாலைக்கு அடியில். மேலே கன்டெய்னர் லாரிகள் போகின்றன. பெரியப்பா இல்லை. சுடலை அண்ணன் ஊரில் சொந்தப் பட்டறை வைத்திருக்கிறார். மேஜையின் ஒரு பாதி விமானத்தோடு கல்லூரிக்குப் போயிற்று. ஈசானிய மூலையில் நின்ற மறுபாதி ஒரகடம் பக்கத்து அடுக்குமாடியில், எங்கள் சாப்பாட்டு மேஜை. வெள்ளிக்கிழமைகளில் வீடு கழுவுவதில்லை; மாப் போடுகிறோம், அவ்வளவுதான். குடியேறிய அன்று, மேஜைமேல் என் மகள் வைத்த கோலி விடுவிடுவென்று உருண்டு கீழே விழுந்தது. விழுந்த இடத்திலேயே நின்றும்விட்டது, ஏனென்றால் இந்த வீட்டுத் தரை கண்ணாடி மாதிரி மட்டம். கோணல் மேஜையில்தான்: எங்கள் பழைய வீட்டு வாட்டத்தை அதன் கால்கள் இன்னும் செருப்போடு போட்டுக்கொண்டு நின்றன.

அப்பாவுக்குக் கை பரபரத்தது. ரம்பத்தை எடுத்துக்கொண்டு வந்து, "ரெண்டு காலைக் கொஞ்சம் அறுத்தா மட்டமாயிடும்" என்று குனிந்தார். அம்மா அவர் கையிலிருந்து ரம்பத்தை வாங்கிக்கொண்டாள். "அறுக்காதீங்க. நம்ம வூட்ல மிச்சம் இருக்கறது அது ஒண்ணுதான். திருப்பி மட்டும் போடுங்க." எல்லோருமாகத் தூக்கி, தாழ்ந்த மூலை வடகிழக்கே வரத் திருப்பிப் போட்டோம். சாம்பார்க் கிண்ணம் இப்போதும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நிற்கும். மேஜையில் எது உருண்டாலும் ஈசானிய மூலைக்குப் போகிறது. எதையாவது காணோம் என்றால் என் மகள் கேட்பதற்கு முன்பே அம்மா சொல்லிவிடுகிறாள்: "மூலைல பாரு."